வேணியின் மேல் கட்டிய சாளை

போத்தனூர்,
9-6-1997

கண்ணு பூஜிதாவுக்கு அவ்வா ராமாமணி எழுதுவது.

அன்றைக்குக் காலையில் ஆற்றங்கரையில் இருந்தவர்கள் இவர்கள்: நான். என் மகன், உன் நைனா பாலகோபால். அடுப்படியில் உன் அம்மா. அவள் பக்கத்தில் களி கிண்டிக்கொண்டு நீ. பால் வாங்கப் போய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பிய மாப்பிள்ளை ஆதர்ஷ். தோட்டம் பார்க்கிற ஐயாசாமி, அவன் பெண்டாட்டி மயிலாத்தாள். பேர் பேராக எதற்குச் சொல்கிறேன் என்றால், நாளைக்கு யாரும் ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது. வயசாகிவிட்டது, கிழவி மறந்துவிடுவாள் என்று நினைக்கிறவர்கள் என்னோடு கொஞ்ச நாள் குடித்தனம் செய்து பார்க்கட்டும். உன் கல்யாணத்தில் என்னை எத்தனாவது பந்தியில் உட்காரவைத்தார்கள், இலையில் உப்பு வைக்காமல் போனவன் யார் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

நலம் விசாரிக்க இந்தத் தடவை மனசு வரவில்லை. கோவித்துக்கொள்ளாதே.

பையைக்கூட எடுக்காமல், ஈரச்சேலையோடு ஏன் கிளம்பிப் போனேன் என்று நீ இங்கே என் தம்பி கோவிந்தராஜுலு வீட்டுக்குப் போன் செய்து கேட்டாயாம். தம்பி சொன்னான். எனக்குப் போனில் பேசப் பிடிக்காது. போனில் பேசியதைப் பிறகு பேசவில்லை என்பார்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு என்றாலும் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தமிழ் படித்திருக்கிறேன். அது போதும், எழுதிவிடுவேன்.

நீ கூப்பிட்டது நல்ல மனசோடுதான். “அவ்வா, சிமெண்டு இல்லை, கரண்டு இல்லை, எல்லாமே அந்த மண்ணுல கெடச்சதுதான். வந்து ரெண்டு நாள் தங்கிப் பாருங்க” என்றாய். ஆற்றோரம் நீ கட்டிய மண்வீட்டைக் குடில் என்கிறாய். நாங்கள் சாளை என்போம். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அதே ஆற்றோரத் தோட்டத்துச் சாளையில்தான் குடியிருந்தேன். அதிலிருந்து ஓட்டு வீட்டுக்குப் போக உன் தாத்தா சீனிவாசலு பாதி ஆயுசைக் கொடுத்தார். இப்போது பெங்களூரிலிருந்து ஆட்கள் காசு கொடுத்து வந்து ஆசையாசையாகச் சாளையில் படுக்கப்போகிறார்கள் என்றாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கக்கூசில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சாம்பலை அள்ளிப் போடு என்றாயே, அது எனக்குச் சரிப்படவில்லை. சோப்புப் போட்டால் ஆறு கெடும் என்று பயத்தமாவைக் கையில் கொடுத்தாய். அது சரி. ஆனால் ஒன்று. அந்த மண் சுவரும் தண்ணீர்ச் சத்தமும் என்ன செய்ததோ, உன் தாத்தா போன பிறகு நான் அப்படித் தூங்கியதே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்கு ஓர் அத்தை இருந்தாள் என்று தெரியும். கிருஷ்ணவேணி. பாலுவுக்கு அடுத்துப் பிறந்தவள். பதினோரு வயசில் காய்ச்சலில் போய்விட்டாள். பெரியவளாகாமல் போன பெண்ணை நம் வீட்டில் அப்படியே விட்டுவிட மாட்டோம். ஒரு கல்லைத் தேடி எடுத்துத் தண்ணீரோரம் நட்டு, கன்னியாக வைத்துக் கும்பிடுவோம். ஆடிப் பதினெட்டுக்குப் பாவாடையும் வளையலும் மஞ்சளும் வைப்போம். காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் “ஆத்துக்குக் கூட்டிட்டுப் போம்மா” என்றே கேட்டவள். அதனால் தோட்டத்துப் புங்கமரத்தடியில், ஆற்றைப் பார்த்த மாதிரி நட்டோம். என் இடுப்பெலும்பு உடைந்த பிறகு என்னால் போக முடியவில்லை. வருஷா வருஷம் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு உன் நைனாவிடம் கொடுத்தனுப்புவேன். வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன் என்பான்.

நாம் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. இறங்கியதும் நான் கேட்டது அதைத்தான். “வேணி கல்லு எங்கடா பாலு? புங்கமரத்தையே காணோம்?”

“மரம் காத்துல உழுந்துருச்சும்மா. அந்தப் பக்கம் ஒரே முள்ளு. காத்தால கூட்டிட்டுப் போறேன்” என்றான்.

காலையில் கால் நனைக்கலாம் என்று வாசலுக்கு வந்தேன். தண்ணீருக்கு இறங்கப் படி வைத்திருந்தாய். மேலே மூங்கில், கடைசிப்படி கல். பாலு என் கையைப் பிடித்துக்கொண்டான். “பாத்தும்மா, கல்லு மேல காலை வெச்சுக்கோ, வழுக்காது” என்றான். வைத்தேன். பயத்தமாவைக் கரைத்து, அதன் மேல் நின்றபடி இரண்டு காலையும் தேய்த்துக் கழுவினேன். மாவு ஓடிய பிறகு கல் தெரிந்தது. தலை தட்டையான குட்டைக் கல். இடது தோள் உடைந்த கல். வண்டியிலிருந்து இறக்கும்போது சக்கரத்தில் மோதி உடைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உச்சியில் ஒரு சின்னக் குழி. எண்ணெய் வைத்தால் அதில் நிற்கும். அந்தக் குழியில் என் குதிகால் அழுக்கு நின்றது.

என் மகள் தலையில் நான் காலைக் கழுவியிருக்கிறேன், பூஜி.

திரும்பிப் பாலுவைப் பார்த்தேன். அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் படியேறி நடந்தேன். அவன் கூப்பிடவில்லை. மயிலாத்தாள்தான் ஓடிவந்து தாங்கிப் பிடித்து ரோட்டுக்குக் கொண்டுவந்து பஸ் ஏற்றினாள். “உனக்குத் தெரியுமாடி?” என்றேன். “என்னையக் கேக்காதீங்க பெரியம்மா. இந்தத் தோட்டத்தை உட்டா எங்களுக்கு வேற ஊடு இல்லீங்க” என்று முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீ எனக்கு ஒன்று எழுது. அந்தக் கல்லை எடுக்கச் சொன்னது யார்? அது வேணி என்று பாலுவுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று நீ உன் கையால் எழுதிவிட்டால் நாளைக்கே கணபதியில் இருக்கிற அவன் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். பெற்ற பிள்ளையை விசாரிக்காமல் ஒரு சொல் சொல்ல எனக்கு மனசில்லை.

இப்படிக்கு,
அவ்வா ராமாமணி

*

ஆற்றோரத் தோட்டம்,
16-6-1997

அன்புள்ள அவ்வாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் ஆதர்ஷும் அந்தப் படியிலிருந்து எட்டித் தள்ளி உட்கார்ந்துவிட்டோம். அன்றிலிருந்து யாரும் அதன் மேல் கால் வைக்கவில்லை. சாக்கைப் போட்டு மூடியிருக்கிறேன். பிறகு சாக்கைப் போடுவதும் மரியாதை இல்லையோ என்று எடுத்துவிட்டு, வாழையிலை போட்டேன். எது சரியென்றுகூட எனக்குத் தெரியவில்லை அவ்வா.

நாங்கள் இங்கே ஒரு சபதம்போல வைத்திருந்தோம். வெளியிலிருந்து ஒரு செங்கல்கூட வரக் கூடாது, இந்த மண், இந்த மூங்கில், இங்கேயே கிடக்கிற கல், இவைதான் வீடு. நாளைக்கு நாங்கள் வேண்டாம் என்று போனாலும் இந்த இடத்தில் ஒரு தழும்பும் இருக்கக் கூடாது என்று நினைத்தோம். காற்றில் விழுந்த புங்கமரத்தைத்தான் நடுக்கம்பமாக நிறுத்தினோம். அந்தக் கல் மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை, ஒரு துணி நூல்கூட இல்லை. நான் அதைப் பார்த்து, ‘இவ்வளவு அழகான தட்டைக் கல், தண்ணீருக்கு இறங்க வைத்தாற்போல’ என்று சந்தோஷப்பட்டேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சந்தோஷப்பட்டேன்.

அது என்ன கல் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை அவ்வா. சாமி சத்தியமாகச் சொல்லவில்லை.

கல்லை இப்போதே எடுத்துவிடலாம். ஆனால் முதலில் இருந்த இடத்தில் வைக்க முடியாது. அந்த இடத்தில்தான் நீங்கள் படுத்திருந்த குடில் இருக்கிறது. மேற்கே ஒரு நீர்மருது இருக்கிறதே, அதன் அடியில் மேடை கட்டி வைக்கட்டுமா? ஆதர்ஷ் தானே மண் பிசைந்து கட்டுகிறேன் என்கிறார்.

நைனா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். பட்டறையிலிருந்து வந்ததும் உங்கள் கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்கிறார் என்று அம்மா சொல்கிறாள். உங்கள் பையும் மாத்திரையும் என்னிடம் இருக்கின்றன. நேரில் கொண்டுவரட்டுமா? வந்தால் கதவைத் திறப்பீர்களா?

உங்கள்,
பூஜிதா

*

போத்தனூர்,
21-6-1997

கண்ணு பூஜிதாவுக்கு,

மாத்திரை இங்கேயே வாங்கிக்கொண்டேன். வரவேண்டாம்.

உன் கடிதத்தைத் தம்பி ஒரு தடவை படித்துக் காட்டினான். பிறகு நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘யாரும் சொல்லவில்லை’ என்று சத்தியம் செய்திருக்கிறாய். நம்புகிறேன். ‘யாரையும் கேட்கவில்லை’ என்று நீ எழுதவில்லை. நான் கேட்டது பாலுவுக்குத் தெரியுமா தெரியாதா என்று. அதற்கு அவன் சாப்பிடவில்லை, கட்டிலில் உட்காருகிறான் என்று பதில் எழுதியிருக்கிறாய்.

கல் நட்ட நாளைச் சொல்கிறேன். கேட்டுக்கொள்.

பாலு அப்போது எட்டாவது படிக்கிற பையன். ஆற்றில் நடந்து நடந்து கல்லைத் தேடியதே அவன்தான். உன் தாத்தா ஒரு கல்லைக் காட்டினார், அவன் வேண்டாம் என்றான். நான் ஒன்றைக் காட்டினேன், ‘அது கரடுமுரடா இருக்குதும்மா, வேணிக்கு ஆகாது’ என்றான். கடைசியில் இதைக் கண்டுபிடித்து, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “இதான், இதான்!” என்று கூவினான். வண்டியில் அதைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு வந்தான். சக்கரத்தில் மோதித் தோள் உடைந்தபோது அழுதது நான் இல்லை, அவன். மஞ்சளை அவன் கையால்தான் பூசினான். அவன் மறப்பானா? தன் பேரை மறந்தாலும் அதை மறக்க மாட்டான்.

அதனால்தான் கேட்கிறேன். நீ அவனைக் கேட்டாயா?

மஞ்சப்பையையும் கேள். ஒவ்வொரு ஆடிக்கும் ஒப்பணக்கார வீதிக்கு உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாவாடை எடுப்பேன். கடைக்காரன் ‘பேத்திக்குங்களா?’ என்பான். ஆமாம் என்பேன். பதினோரு வயசுக் கைக்கு எந்த வளையல் ஏறும் என்று கடையில் நிற்கிற பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பார்த்து வாங்குவேன். அதெல்லாம் எங்கே போயிற்று? நீயோ கல்லில் ஒரு நூல்கூட இல்லை என்று எழுதுகிறாய்.

நீர்மருதடியில் மேடை வேண்டாம். ஓர் இடத்தில் உட்காரவைத்த கன்னியைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. அவளை அங்கே இரு என்று சொன்னது நான்.

கூசாமல் எழுது. உன் நைனாவைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்காதே. அவனுக்காகத்தான் கேட்கிறேன். தெரியாது என்ற ஒரு சொல் வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிடுவேன்.

அவ்வா

*

ஆற்றோரத் தோட்டம்,
30-6-1997

அன்புள்ள அவ்வாவுக்கு,

பொய் எழுதக் கை வரவில்லை, உண்மையை எழுதப் பயமாக இருந்தது. அதனால்தான் போன கடிதத்தில் அப்படிச் சுற்றி எழுதினேன். நீங்கள் பிடித்துவிடுவீர்கள் என்று ஆதர்ஷ் அப்போதே சொன்னார்.

கேட்டேன் அவ்வா.

இடத்தைச் சமன் செய்த அன்றைக்கு ஐயாசாமி அண்ணா கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். “ஏனுங்ண்ணா?” என்றேன். “ஐயா வரட்டுங்க அம்மணி. அவரைக் கேட்டுப்போட்டு எடுக்கலாமுங்க” என்றார். நைனா வந்ததும், “இது என்ன கல்லு நைனா?” என்று நானே கேட்டேன்.

“துணி தொவைக்கிற கல்லு கண்ணு. வேணும்னா எடுத்துக்கோ” என்றார்.

ஐயாசாமி அண்ணா அவர் முகத்தையே பார்த்தார். “என்றா பாக்கற? எடு” என்றார் நைனா. குரல் அவர் குரலாகவே இல்லை. நான் கவனித்தேன், ஆனாலும் விட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்தபிறகு கணபதிக்குப் போனேன். பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டேன். முதலில் அப்படியா, எந்தக் கல் என்றார். உங்கள் கடிதத்தைக் காட்டியதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“அங்க ஒரு கன்னி இருக்குதுன்னு ஊருக்குத் தெரிஞ்சா என்னாகும் தெரியுமா? ஆடிக்கு ஆடி பொங்க வெக்க வருவாங்க. அப்பறம் வழி உடுன்னு கேப்பாங்க. கோயில் கட்டோணும்பாங்க. உன்ற சாளையில வந்து யாரு தங்குவா? நீ ஆசப்பட்டே கண்ணு. உனக்காகத்தான் செஞ்சேன்” என்றார்.

மஞ்சப்பையைக் கேட்டேன். பட்டறையில் பீஸ் எண்ணுகிற பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் கொடுத்துவிட்டாராம். “கல்லுக்குக் கட்டி மழையில நனையறதுக்கு உசுரோட இருக்கற பிள்ளைக உடுத்தினா நல்லதுதானே?” என்றார். அவ்வா, ஒரு நிமிஷம் எனக்கே அது நியாயமாகப் பட்டது. நானும் இப்படித்தான் பேசுகிறவள். பிறகு, கடையில் நின்று நீங்கள் அடுத்த பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. நானே கூட இருந்திருக்கிறேன். என் கையைக்கூட ஒரு வருஷம் பிடித்துப் பார்த்தீர்கள்.

எனக்காகச் செய்தேன் என்கிறாரே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆதர்ஷும் நானும் பேசிவிட்டோம். குடிலைப் பிரித்துவிடுகிறோம். இன்னொரு குடில் பாதிதான் ஆகியிருக்கிறது. ஆடியில் வருகிற பெங்களூர்க்காரர்களுக்கு வேண்டாம் என்று எழுதிவிடலாம். நைனா, ‘குடிலில் கை வைத்தால் தோட்டத்துப் பக்கமே வர மாட்டேன்’ என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நாளைக்கே கூரையில் ஏறிவிடுகிறோம். பிரிக்கட்டுமா?

பூஜிதா

*

போத்தனூர்,
4-7-1997

பூஜிதாவுக்கு,

அந்தச் சொல்லை நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ பிரித்தால் ‘கிழவி பிடிவாதம் பிடித்துப் பேத்தி பிழைப்பைக் கெடுத்தாள்’ என்று ஆகிவிடும். அதை முதலில் சொல்கிறவன் யார் என்றும் எனக்குத் தெரியும். நீ பிசைந்த மண், நீ கட்டிய வீடு. உன் உள்ளங்கை தோல் உரிந்து கிடந்ததை நான் பார்த்தேன். பிரிப்பதும் விடுவதும் உன் மனசு.

வேணிக்கு அந்தச் சாளை பிடித்திருக்கும். உள்ளே புகுந்துகொண்டு வெளியே வர மாட்டாள். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று ஆகக் கூடாது.

அன்றைக்கு எனக்கு ஏன் அப்படித் தூக்கம் வந்தது என்று இப்போது தெரிகிறது. அவள் இருந்த இடத்தில் படுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு இங்கே படுத்தால் கண் மூடவில்லை.

ஊருக்குப் பயந்தான், சரி. மகள் மேல் ஆசை, சரி. கல்லைத் துவைக்கிற கல் என்றான், அதைக்கூட நாக்குத் தவறியது என்று வைத்துக்கொள்வேன். என் கையைப் பிடித்து அதன் மேல் இறக்கிவிட்டானே கண்ணு. ‘வழுக்காது’ என்றானே. அதை எந்தக் கணக்கில் வைப்பது?

அவ்வா

*

ஆற்றோரத் தோட்டம்,
24-7-1997

அன்புள்ள அவ்வாவுக்கு,

பிரித்துவிட்டோம். நீங்கள் சொல்லி அல்ல.

கூரைத் தடுக்கை முதலில் இறக்கினோம். மூங்கிலைக் கயிறு அவிழ்த்து எடுத்து அடுக்கிவிட்டோம். சுவர்தான் வருத்தமாக இருந்தது. ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஊற்ற, மண் ஊறிக் கரைந்து தானாக உட்கார்ந்தது. நான் விரலால் கோலம் போட்டு வைத்த பக்கம் கடைசியாகக் கரைந்தது. நான் அழுதேன். ஆதர்ஷ் பக்கத்தில் வந்து நின்று, “கட்டறப்ப தெனமும் சண்டை போட்டோம். பிரிக்கறப்ப ஒரு சண்டைகூட வரலை பாரு” என்றார். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன்.

தரையைத் தோண்டியபோது கல் இருந்த பள்ளம் அப்படியே தெரிந்தது. மயிலாத்தாள் அக்கா கையை விட்டுத் துழாவி ஒரு வளையல் துண்டை எடுத்தாள். பச்சைக் கண்ணாடி. நீங்கள் நேரில் போன வருஷங்களில் வைத்ததாகத்தான் இருக்கும். அதை அதே பள்ளத்தில் போட்டு, அதன் மேல் கல்லை வைத்தோம். ஐயாசாமி அண்ணா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், வேறு யாரையும் தொட விடவில்லை. அக்கா கழுவி மஞ்சள் பூசினாள். “எங்களுக்கு அன்னைக்கே சொல்றதுக்கு வாயில்லாமப் போச்சுங்க அம்மணி. பெரியம்மா எங்களை வெய்யட்டும், வாங்கிக்கறோம்” என்றாள்.

பெங்களூர்க்காரர்களுக்கு எழுதிவிட்டோம். இந்த வருஷம் யாரும் வரப்போவதில்லை. பாதியில் நிற்கிற குடிலை மேட்டில், கல்லுக்குத் தள்ளி முடிப்போம். அதில் நீங்கள் வந்து இருக்க வேண்டும். கக்கூசைப் பற்றி யோசிக்கிறோம்.

அவ்வா, ஆடிப் பதினெட்டுக்கு வாருங்கள். போத்தனூருக்கு ஆதர்ஷ் வண்டி எடுத்துக்கொண்டு வருவார். நைனாவும் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவராகவே சொன்னாராம். வந்தால் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவருக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உங்கள்,
பூஜிதா

*

போத்தனூர்,
11-8-1997

கண்ணு பூஜிதாவுக்கு, மாப்பிள்ளைக்கும் சேர்த்து, அவ்வா எழுதுவது.

ஆடிக்கு வந்து போன களைப்பு இன்னும் தீரவில்லை, ஆனாலும் இதைத் தள்ளிப்போட முடியாது. வண்டியில் ஏறும்போது, “நைனாவை மன்னிச்சுருங்க அவ்வா” என்று என் காதில் சொன்னாய். அப்போது பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்த நாளில், வேணி முன்னால் அதைப் பேச வேண்டாம் என்று இருந்தேன்.

முதலில் உனக்குச் சொல்ல வேண்டியது. கல் வைத்த விதம் சரி. முகம் ஆற்றைப் பார்க்கிறது. உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்டாய், உனக்குப் பொய் சொன்னார்கள். மயிலாத்தாளைத் திட்ட வேண்டும் என்றுதான் வந்தேன். அவள் குளிப்பாட்டி வைத்திருந்ததைப் பார்த்ததும் திட்டு வரவில்லை. உன் அம்மா மேல் வருத்தம் உண்டு. அது வேறு, ரொம்ப நாள் பழசு, அது கிடக்கட்டும்.

பாலு வந்தான். நீங்கள் எல்லாம் முளைப்பாரியை ஆற்றில் விடப் போயிருந்தீர்கள். கல்லுக்கு முன்னால் நானும் அவனும்தான். பட்டுப்பாவாடை கொண்டுவந்திருந்தான். நல்ல பட்டு. வளையலும் கொண்டுவந்திருந்தான், அது பெரிய மனுஷி கைக்கு ஆகிற வளையல். அதைக்கூட நான் சொல்லவில்லை. அவன் தலையும் நரைத்துவிட்டது, முழங்காலை மடக்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்தான். பெற்றவள் இல்லையா? கையை எடுத்து அவன் தலை வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். நீ இருந்து பார்த்திருந்தால் தெரியும். ஒரு சொல்லுக்காகத்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.

அவன் என் காலைப் பிடித்துக்கொண்டு, “தெரியாமப் பண்ணிட்டேம்மா” என்றான்.

அவள் முன்னால் சொன்னான், பூஜி. தண்ணீரில் நின்று ‘இதான், இதான்’ என்று கூவியவன், அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு தெரியாமல் என்றான். நான் கேட்டேன், “தெரியாமயா பாலு?” இன்னொரு தடவை வழி விட்டேன். “சத்தியமாத் தெரியாதும்மா. மறந்துபோச்சு” என்றான். வேணி தலையில் கையை வைத்துச் சொன்னான்.

‘தெரிஞ்சேதாம்மா செஞ்சேன், ஊருக்குப் பயந்து செஞ்சேன்’ என்று சொல்லியிருந்தால் அவனைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அன்றைக்கே அவனோடு கணபதிக்கு வந்திருப்பேன். என் புடவையெல்லாம் பையில் கட்டித்தான் எடுத்து வந்திருந்தேன், உனக்குத் தெரியாது. தம்பிகூட, ‘இனி எங்க ஊட்டுக்கு வர மாட்டியாக்கா?’ என்று கேட்டுத்தான் வழியனுப்பினான். பையை அவிழ்க்காமல் திரும்பக் கொண்டுவந்தேன்.

கையை இழுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. சத்தம் போடவில்லை, சபிக்கவில்லை. நீங்கள் ஆற்றிலிருந்து வந்தபோது நான் வெல்லத்தை இடித்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் கணபதிக்கு வர மாட்டேன். நீ மேட்டுச் சாளையை முடித்ததும் சொல், வந்து இருக்கிறேன். சாம்பல் அள்ளிப் போடவும் பழகிக்கொள்கிறேன். ஆனால் நான் இருக்கிறபோது அவன் அங்கே வரக் கூடாது. இதை நீதான் அவனிடம் சொல்ல வேண்டும். கஷ்டமான வேலையை உன் தலையில் வைக்கிறேன், வேறு யாரிடம் சொல்வேன்?

என் காலம் முடிந்தால் கொள்ளி வைக்கிறவன் கோவிந்தராஜுலு. அவன் எனக்கு முந்திவிட்டால் அவன் பிள்ளை வைக்கட்டும். தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன், “அக்கா, பெத்த பையன் உசுரோட இருக்கறப்ப ஊர் என்ன சொல்லும்?” என்றான். ஊரைப் பற்றிப் பயப்பட நம் வீட்டில் வேறு ஆள் இருக்கிறான் என்றேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஒரு வாரம் ஆறப்போட்டுத்தான் எழுதுகிறேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். வேணிக்கு வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு வை, அது போதும். மாப்பிள்ளையைச் சண்டை போடாமல் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
அவ்வா ராமாமணி

கையெழுத்துப் போட்ட பிறகு திரும்பப் படித்துப் பார்த்தேன். நீ கேட்டதற்கு நேராகப் பதில் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். உன் கல்யாணப் பந்தியில் உப்பு வைக்காதவனை மன்னித்துவிட்டேன். இடுப்பெலும்பைச் சரியாகக் கட்டாத வைத்தியனை மன்னித்துவிட்டேன். வாய் திறக்காமல் கடப்பாரையை எடுத்த ஐயாசாமியையும் மன்னித்துவிட்டேன். ஒருவனை மட்டும் மன்னிக்க மாட்டேன், கட்டையில் வைத்தாலும் மாட்டேன்.

பாலகோபால்.